பூட்டித் தந்த மடிக்கணினி

என் மனுசனுக்குக் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணிம எழுச்சிப் பணியகம் என்ற அரசாங்க அலுவலகத்துக்கு இந்த ஒரு விசயத்தை விளங்கப்படுத்தப் போய் என் செருப்புத் தேய்ந்து, தொண்டை வறண்டு, வயலில் களை நெஞ்சளவுக்கு வந்துவிட்டது. நீங்களாவது முதல் வரியிலேயே விளங்கிக்கொண்டால் பெரிய புண்ணியம்.

அவருடைய பெயர் சிவகரன். மாங்குளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியராக வரலாறு படிப்பிக்கிறார். கண் போனது இரண்டாயிரத்து ஒன்பதில், ஷெல் துண்டு பட்டு. அதைப்பற்றி அவர் கதைப்பதில்லை. நானும் இங்கே கதைக்கப் போவதில்லை. வெளிவாரியாகப் பட்டப்படிப்புப் படித்தார். எல்லாப் பாடமும் சித்தி, ஒன்று மட்டும் மிச்சம். அதுவும் சித்தி என்றால் நிரந்தர நியமனம். தவறினால் பதிவு காலாவதியாகிவிடும், படித்த அத்தனை வருசமும் வாய்க்காலில் போன மாதிரித்தான்.

போன முறை அந்தப் பாடத்தில் தவறியது இவருடைய பிழையில்லை. இவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு உத்தியோகத்தரைப் போட்டிருந்தார்கள். அந்த மனிதர் சொன்னதையெல்லாம் எழுதவில்லை. வெளியே வந்த பிறகு, "நீங்கள் சொன்னதில தேவையானதை மட்டும் எழுதினனான் மாஸ்டர்" என்று சந்தோசமாகச் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். பரீட்சை மறுமொழி வந்தபோது தேவையான புள்ளி மட்டும் வரவில்லை. அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்தோடு மல்லுக்கட்டி, இந்த முறை தன் சொந்தக் கணினியில் தானே தட்டெழுதிப் பரீட்சை எழுதலாம் என்று அனுமதி எடுத்துவிட்டார்.

சொந்தக் கணினி என்றால் பேசுகிற கணினி. நெளுக்குளத்தில் இருக்கிற அவருடைய சிநேகிதன் சுஜிதன் பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருந்தான். திரையில் என்ன வந்தாலும் அதைத் தமிழில் வாசித்துச் சொல்ல அதற்குள் ஒருத்தி இருந்தாள். மூக்கடைத்த குரல். விடியவும் அவளுடைய குரல்தான், பொழுதுபடவும் அவளுடைய குரல்தான். எனக்கு அவள்மேல் கொஞ்சம் எரிச்சல் இருந்தது உண்மை. ஐப்பசி இடியில் கணினி எரிந்து அவள் போனபோது, இவர் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த எரிச்சலை நான் விட்டுவிட்டேன்.

பரீட்சை மாதக் கடைசியில். கையில் கணினி இல்லை. அந்த நேரத்தில்தான் பணியகம் பார்வையற்றோருக்கு மடிக்கணினி தருகிறது என்ற செய்தி வந்தது. கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன். இருக்கலாம், ஆனால் அவர் அந்தப் பணியகத்தில் வேலை செய்யவில்லை.

விழா கிளிநொச்சியில். பாண்ட் வாத்தியம், மங்கள விளக்கு, பொன்னாடை, வரவேற்பு நடனம் எல்லாம் இருந்தன. பார்வையற்றவர்களை முன்வரிசையில் இருத்தி நடனத்தைப் பார்க்க வைத்தார்கள். வரிசையில் இவருக்குப் பக்கத்தில் நாயாற்றிலிருந்து வந்த நிறஞ்சனா என்ற பிள்ளை இருந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். தாய் இராசாத்தி கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தா. நடனம் முடிகிற மட்டும் பொழுதுபோக வேண்டுமே; முன்வரிசையில் இருந்த எல்லாரும் ஒருவருக்கொருவர் தொலைபேசி இலக்கம் பரிமாறிக்கொண்டார்கள்.

பிறகு பணிப்பாளர் பேசினார். அந்தப் பேச்சை நான் மறக்கமாட்டேன்.

"இந்த மடிக்கணினிகளை நாங்கள் பத்திரமாகப் பூட்டித்தான் தருகிறோம். பயனாளிகளால் இதில் எதையும் மாற்ற முடியாது, எதையும் சேர்க்க முடியாது, எதையும் அழிக்க முடியாது. எதுவுமே செய்ய முடியாவிட்டால் எதுவுமே பழுதாகாது. எங்கள் பணியகம் வழங்கிய கணினிகளில் ஒன்றுகூட இன்றுவரை பாவனையால் பழுதடைந்ததில்லை என்பதை இந்த இடத்தில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

சனம் கைதட்டியது. என் மனுசனும் கைதட்டினார். அவர் அப்படித்தான், யார் எதைச் சொன்னாலும் மரியாதைக்குக் கைதட்டிவிட்டுத்தான் யோசிப்பார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தோம். அரசாங்கச் சாமான் என்றால் வெள்ளைப் பெயின்ற்றால் இலக்கம் எழுதவேண்டும் என்பது இந்த நாட்டு வழக்கம். கதிரைக்கு எழுதுவார்கள், அலுமாரிக்கு எழுதுவார்கள், குப்பைக் கூடைக்கும் எழுதுவார்கள். மடிக்கணினியின் மேற்பக்கத்தில் பணியகத்தின் சின்னம் ஒட்டியிருந்தது. கீழ்ப்பக்கத்தில் பணிப்பாளர் விளக்கேற்றுகிற படம் ஒட்டியிருந்தது. இலக்கத்துக்கு இடம் இல்லை. ஆகவே விளிம்பைச் சுற்றி எழுதியிருந்தார்கள். பென் ட்ரைவ் செருகுகிற துளை இரண்டும் இலக்கத்துக்குள் அகப்பட்டு, பெயின்ற் இறுகிப்போய்க் கிடந்தன.

சட்டையில் குத்தியிருந்த ஊசியால் ஒரு துளையைக் கிண்டிக் கிண்டிச் சுத்தமாக்கினேன். சுஜிதன் தந்த பென் ட்ரைவை இவர் செருகினார். அதற்குள் லினக்ஸ் இருந்தது, மூக்கடைத்தவளும் இருந்தாள். கணினியைப் போட்டோம். சத்தம் இல்லை. திரையில் சிவப்புப் பெட்டிக்குள் ஏதோ ஆங்கிலத்தில் வந்தது. நான் சாதாரணதரச் சோதினையோடு படிப்பை நிறுத்தினவள். எழுத்தெழுத்தாக வாசித்துச் சொன்னேன். இவர் தலையை ஆட்டினார். பணியகம் முத்திரை வைத்த இயங்குதளத்தைத் தவிர வேறு எதையும் இந்தக் கணினி ஏற்காதாம். சரி, உள்ளே போய் அந்தப் பூட்டை எடுத்துவிடலாம் என்று ஏதோ ஒரு விசையை அமத்தச் சொன்னார். அமத்தினேன். கடவுச்சொல் கேட்டது.

பணியகம் போட்டுத் தந்த இயங்குதளமோ பேசாது. பேசுகிற மென்பொருளை அதில் போடப் போனால் அதற்கும் கடவுச்சொல் கேட்டது. பார்வையற்றவருக்கென்று கொடுத்த கணினியில் பார்க்கிறதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய ஏலாது.

"பாவம், அவையளுக்குத் தெரியாமல் நடந்திருக்கும். போய்ச் சொன்னால் உடனே திறந்து தருவினம்" என்றார் என் மனுசன்.

போனோம். மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு பஸ்ஸில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. முறைப்பாட்டுப் பிரிவில் கௌசலா என்ற உத்தியோகத்தர் இருந்தா. சிரித்த முகம், நல்ல பிள்ளை. நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, திரையில் வந்த செய்தியைப் பயனாளி தானே கண்ணால் கண்டு உறுதிப்படுத்தி ஒப்பம் வைக்கவேண்டும் என்று சொன்னா.

"அவருக்குக் கண் தெரியாது" என்றேன்.

"அது எங்களுக்குத் தெரியும் அக்கா. அதுக்காகத்தானே லப்டொப் தந்தது."

நான் பார்த்தேன், நான் ஒப்பம் வைக்கிறேன் என்றேன். கௌசலா யோசித்தா. உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தா. பயனாளிக்குப் பதிலாக வேறொருவர் சாட்சி சொல்லலாமாம், ஆனால் அவருக்குப் பார்வை உண்டு என்பதற்கு வைத்திய அத்தாட்சி வேண்டுமாம். என் மனுசனிடம் கண் தெரியாது என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. எனக்குக் கண் தெரியும் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுகூட இல்லை. இத்தனை வருசமாக அத்தாட்சி இல்லாமல் பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க, நான் மட்டும் நல்ல கண்ணோடு வரிசையில் நின்றேன். டொக்டர் என்ன வருத்தம் என்று கேட்டார். ஒன்றும் இல்லை, நல்லாகத் தெரிகிறது என்று சொன்னேன். பேனையை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கண் தெரியவில்லை என்று கடிதம் கொடுப்பாராம், கொஞ்சம் தெரியும் என்றும் கொடுப்பாராம், வடிவாகத் தெரியும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லையாம். நான் கதையைச் சொன்னேன். அந்த மனுசன் சிரிக்கவில்லை. 'இப்பெண்மணி என்னைப் பார்த்தார். நானும் இவரைப் பார்த்தேன். இருவருக்கும் பார்வை உண்டு' என்று எழுதி முத்திரை குத்தித் தந்தார். அந்த ஒரு மாதத்தில் நான் கண்ட ஒரேயொரு புத்தியுள்ள ஆள் அவர்தான்.

அத்தாட்சியோடு திரும்பப் போனோம். கௌசலா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் திருப்தியோடு கோப்பில் போட்டா. பிறகு அடுத்த கேள்வி. பணியகத்தின் கணினிக்குள் போடப்போகிற இந்த லினக்ஸ் யாருடையது?

யாருடையதும் இல்லை, உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து செய்து சும்மா கொடுக்கிறார்கள் என்று இவர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். கௌசலாவின் சிரிப்பு குறைந்தது.

"சும்மா ஏன் குடுக்கினம்?"

"எல்லாருக்கும் பயன்படட்டும் எண்டுதான்."

"அப்ப அது ஒரு அமைப்பு. அமைப்பெண்டால் பிரதேச செயலகத்தில பதிவு இருக்கவேணும். தலைவர் ஆர், செயலாளர் ஆர், பொருளாளர் ஆர்?"

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுக்குக் கதிரை வாடகைக்கு விடுவதற்கும் ஒரு சங்கம் இருக்கிறது. அதற்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு. உலகமே பாவிக்கிற ஒரு சாமானுக்குப் பொருளாளர் இல்லை என்று சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருந்தது. பதிவில்லாத அமைப்பு ஒன்று பார்வையற்றவர்களின் வீடுகளுக்குள் பென் ட்ரைவில் நுழைகிறது என்றால் அது பாரதூரமான விசயம் என்று கௌசலா குரலைத் தாழ்த்திச் சொன்னா. எனக்காகப் பயந்துதான் சொன்னா, பாவம்.

திரும்பி வருகிற வழியில் எனக்கு விசர் ஏறிவிட்டது. தலைவர்தானே வேண்டும், தலைவர் வைத்துத் தருகிறேன் என்று பஸ்ஸிலேயே முடிவெடுத்தேன்.

எங்கள் பக்கத்து வளவு ஏரம்பு அண்ணை, வயல் செய்கிறவர்களின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவர். வாழ்க்கையில் தலைவராக இல்லாமல் அவர் ஒரு நாளும் இருந்ததில்லை. எங்கள் முற்றத்தில் கூட்டம் வைத்து, தேத்தண்ணியும் மலிபன் பிஸ்கற்றும் கொடுத்து, 'மாங்குளம் லினக்ஸ் பாவனையாளர் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினோம். அவர் தலைவர், நான் செயலாளர், அவருடைய மனுசி பொருளாளர். லினக்ஸ் என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. மானியம் ஏதும் வருமோ என்று மட்டும் கேட்டார். வராது என்றேன். வராவிட்டாலும் தலைவர் பதவி வேண்டும் என்றார். கிராம அலுவலர் ஒப்பம் வைத்தார், பிரதேச செயலகம் பதிவு செய்தது. உலகத்துக்கே பொதுவாக இருந்த லினக்ஸுக்கு அன்றைக்குத்தான் ஒரு விலாசம் கிடைத்தது, எங்கள் வீட்டு விலாசம்.

பணியகம் இப்போது அசைந்தது. தொழினுட்பக் குழுவைக் கூட்டுகிறார்களாம், பயனாளி, சாட்சி, லினக்ஸின் தலைவர் மூவரும் வரவேண்டுமாம். பரீட்சைக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது. பரவாயில்லை, ஒரு கிழமை போதும் என்றார் என் மனுசன். அவருக்கு அந்த மூக்கடைத்த குரல் கிடைத்தால் போதும்.

ஏரம்பு அண்ணை வெள்ளை வேட்டி கட்டி, சால்வை போட்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். நீண்ட மேசை. தொழினுட்பக் குழுவில் கணக்காளர் இருந்தார், வாகனங்களுக்குப் பொறுப்பானவர் இருந்தார், களஞ்சியப் பொறுப்பாளர் இருந்தார். கணினி தெரிந்த ஒருவர் முன்பு இருந்தாராம், அவரை அம்பாறைக்கு மாற்றிவிட்டார்களாம். எல்லாருக்கும் றோல்ஸும் கட்லட்டும் வந்தன. மேசைத் தலைப்பில் பணிப்பாளர்.

பணிப்பாளர் ஏரம்பு அண்ணையைப் பார்த்து, உங்கள் அமைப்பின் எதிர்கால இலக்கு என்ன என்று கேட்டார். அண்ணை எழும்பி நின்று, சிறுபோகத்துக்கு குளத்துத் தண்ணியை நேரத்துக்குத் திறந்துவிட வேண்டும், யானைவேலி போடவேண்டும், நெல்லுக்கு உத்தரவாத விலை வேண்டும் என்று முழங்கினார். அவருக்குத் தெரிந்த பேச்சு அது ஒன்றுதான். கௌசலா குறித்துக்கொண்டா. லினக்ஸின் இலக்குகள் பணியகத்தின் கொள்கைகளுக்கு முரணானவை அல்ல என்று குழு ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது, பாருங்கோ. இனித் திறந்து தருவார்கள் என்று நினைத்துவிட்டேன்.

முதலில் பூட்டு சரியாக இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும் என்றார் பணிப்பாளர். கடவுச்சொல் அவருக்கு மட்டும்தான் தெரியும். வழங்கிய எல்லாக் கணினிக்கும் ஒரே கடவுச்சொல், எழுதி வைத்தால் களவு போகும் என்பதால் மனதில் வைத்திருக்கிறாராம். அவர் அதை அடிக்கும்போது கண் தெரிந்தவர்கள் யாரும் பார்க்கக்கூடாது. குழு உறுப்பினர்கள் கதிரையைத் திருப்பி யன்னல் பக்கம் பார்த்து இருந்தார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள். எனக்குத்தான் பார்வை உண்டு என்று அவர்களுடைய கோப்பிலேயே அத்தாட்சி இருக்கிறதே. ஏரம்பு அண்ணையிடம் அப்படி அத்தாட்சி ஒன்றும் இல்லாதபடியால் அவர் இருக்கலாமாம். அவர் இருந்து இரண்டாவது றோல்ஸைச் சாப்பிட்டார். என் மனுசனைப் பற்றிக் கேள்வியே இல்லை. அவரைப் பணிப்பாளர் தனக்குப் பக்கத்துக் கதிரையிலேயே இருத்திக்கொண்டார்.

நான் விறாந்தையில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. உள்ளே போனேன். பணிப்பாளர் முகம் முழுக்கச் சந்தோசம்.

"பூட்டு நல்ல உறுதியாக இருக்கிறது. திறந்து பார்த்து, திரும்பவும் பூட்டிவிட்டேன்."

திறந்துவிட்டு ஏன் பூட்டினீர்கள் என்று கேட்டேன். திறந்துவிடுவது குறித்துத் தீர்மானம் எடுப்பது அடுத்த காலாண்டுக் கூட்டத்தில்தான், இன்றைய கூட்டம் பூட்டைப் பரிசோதிப்பதற்கு மட்டும் என்றார்.

"வாற கிழமை சோதினை ஐயா" என்றேன்.

"அப்ப அடுத்த சோதினைக்கு வடிவாத் தயாராகலாம்."

"இதுதான் கடைசிச் சோதினை. இதை விட்டால் அவருக்கு ஒண்டும் இல்லை."

பணிப்பாளர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். உண்மையாகவே இரக்கம்தான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"தங்கச்சி, நாங்கள் உங்களுக்கு எதிரானவர்கள் இல்லை. உங்களுக்குக் கணினி தந்ததே நாங்கள். அது வேலை செய்யவும் வேண்டும் என்று கேட்பது, தந்ததற்கு மேலால் கேட்பது. இன்றைக்கு இவருக்கு வேலை செய்யவிட்டால் நாளைக்கு எல்லாரும் வேலை செய்யவேண்டும் என்று வருவார்கள். அப்போது எங்கள் திட்டம் என்னாவது?"

குழு தலையாட்டியது. ஏரம்பு அண்ணையும் பழக்கதோசத்தில் தலையாட்டினார். என் மனுசன் எழும்பி, "நன்றி ஐயா, பெரிய உதவி" என்று கைகூப்பினார். எனக்கு அவரை அந்த இடத்திலேயே உலுப்பவேண்டும் போல இருந்தது.

வெளியே வந்து ரோட்டுக் கரையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் குந்தினோம். ஏரம்பு அண்ணை ஏதோ சாமான் வாங்கச் சந்தைப் பக்கம் போய்விட்டார். நான் அழுதேன். சும்மா கண் கலங்கினது இல்லை, கடைக்காரன் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதேன். திட்டினேன். பணியகத்தைத் திட்டினேன், பாண்டைத் திட்டினேன், பணிப்பாளரின் பரம்பரையைத் திட்டினேன். கடைசியில் இவரையும் திட்டினேன். எதற்கு அந்த ஆளுக்குக் கைகூப்பினீர்கள், உங்களுக்கு ரோசம் இல்லையோ என்று கேட்டேன்.

அவர் பிளேன்ரீயை ஆற்றிக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"அழாதையும். அவர் ஒரு விரலால அடிக்கிறவர்."

"அடிச்சால் என்ன?"

"அடிக்கிற எழுத்தைச் சொல்லிச் சொல்லித்தான் அடிக்கிறவர். வாய்க்குள்ளதான். ஆனால் நான் பக்கத்துக் கதிரையில எல்லோ இருந்தனான்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. இவர் என் பக்கம் குனிந்து காதுக்குள் சொன்னார். பணிப்பாளர் என்ற சொல்லை ஆங்கிலத்தில் போட்டு, பின்னால் ஒரு ஒன்று. அவ்வளவுதான். ஏன் ஒன்று என்று நான் கேட்கவில்லை. அந்தப் பணியகத்தில் அவருக்கு மேலால் ஆள் இல்லை.

கண்ணுக்குத்தான் அத்தனை காவலும். என்னுடைய கண்ணுக்கு, குழுவின் கண்ணுக்கு, யன்னலுக்கு வெளியே நின்ற காகத்தின் கண்ணுக்கும் பயந்திருப்பார். பார்வை இல்லாதவனுக்குக் காது இருக்கும் என்பது அவருடைய சுற்றுநிருபம் எதிலும் இல்லை. இந்தத் திட்டம் யாருக்காக நடக்கிறது என்று அந்த மனுசன் ஒரு நாளாவது யோசித்திருந்தால் வாயை மூடிக்கொண்டு அடித்திருப்பார்.

பின்னேரமே வீட்டில் கணினியைப் போட்டோம். கடவுச்சொல் கேட்ட இடத்தில் இவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். திறந்தது. பூட்டை எடுத்தோம், பென் ட்ரைவைச் செருகினோம். திரை கறுத்தது. பிறகு அவள் பேசினாள், அதே மூக்கடைத்த குரலில், நிறுவலைத் தொடங்கவா என்று கேட்டாள். இவர் ஓம் என்று விசையை அமத்தாமல், அதே கேள்வியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார். நான் குசினிக்குள் போய்விட்டேன். அவர்கள் இருவரும் கதைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பரீட்சை வவுனியாவில். மண்டபத்தில் இவருக்கு ஒரு மூலையில் தனி மேசை. காதில் கருவி, மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் எழுதித்தர யாரும் இல்லை. நான் வெளியே வேப்பமரத்துக்குக் கீழே நின்று யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பார்வை உண்டு என்று அரசாங்கமே அத்தாட்சி தந்த கண்ணால் பார்த்தேன். மற்றவர்கள் பேனையைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்க, இவருடைய விரல் நிற்கவில்லை. மணி அடித்த பிறகும் மேற்பார்வையாளர் வந்து தோளில் தட்டித்தான் நிறுத்தினார்.

வெளியே வந்து என் கையைப் பிடித்தார்.

"தேவையானது மட்டுமில்லை, எல்லாம் எழுதினனான்" என்றார்.

எனக்கு மறுமொழியைப் பற்றி அந்த நேரம் கவலையே வரவில்லை. வருகிறபோது வரட்டும். அவர் எழுதவேண்டியதை அவரே எழுதினார், அது போதும் என்று இருந்தது.

மாங்குளத்துக்கு பஸ் ஏறினோம். நல்ல சனம், எப்படியோ இரண்டு சீற் கிடைத்தது. ஓமந்தை கழிந்ததும் இவர் தொலைபேசியை எடுத்தார். நாயாற்றுக்கு எடுத்தார். நிறஞ்சனாவின் தாய் இராசாத்திதான் முதலில் கதைத்தா. லப்டொப் பத்திரமாக இருக்கிறதாம், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்து மெழுகுதிரி கொளுத்துகிறாவாம், தொட்டால் பழுதாகிவிடும் என்று பிள்ளையைத் தொடவிடுவதில்லையாம். பிள்ளையிடம் கொடுங்கோ அம்மா என்றார் இவர்.

நாயாற்றுப் பக்கம் சிக்னல் சரியில்லை. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இவர் குரலை உயர்த்தினார். கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் இந்த மனுசன் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பணிப்பாளர், தொழினுட்பக் குழு, கோப்பு, களஞ்சியம் எல்லாம் சேர்ந்து காவல் காத்த அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக, பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினார். கத்தி முடிந்ததும் அடுத்த ஆளுக்கு எடுத்தார். விழாவில் முன்வரிசையில் இருந்த ஒவ்வொருவருக்கும் எடுத்தார். கொண்டக்டர் பாட்டை நிறுத்திவிட்டான். சனம் கதைக்கிறதை விட்டுவிட்டு இவரையே பார்த்தது. மெதுவாகச் சொல்லுங்கோ, ஆரும் கேட்டுவிடப்போகினம் என்று நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் கையை எடுத்துவிட்டார்.

புளியங்குளம் தாண்டியதும் முன் சீற்றில் இருந்த ஒரு வயதான மனிதர் திரும்பினார். கையில் பேனையும் சிகரெட் பெட்டி மட்டையும் வைத்திருந்தார். தன் மருமகளுக்கும் கண் தெரியாதாம், அவளுக்கும் பணியகம் ஒன்று கொடுத்ததாம், அது பெட்டிக்குள்ளேயே கிடக்கிறதாம்.

"தம்பி, குறை நினைக்காதையும். கடைசியில வாறது ஒண்டோ, சைபரோ?"

"ஒண்டுதான் ஐயா. ஆறுதலா எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு, என் மனுசன் முதல் எழுத்திலிருந்து திரும்பவும் தொடங்கினார்.